போனிபாஸ் வெட்டிய மரமும் நம்ம கோயில் அரச மரமும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவுங்க. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து மூன்று நாளாக உட்கார்ந்து எழுதினேன். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை, எஸ்.பி.எம். வரைக்கும்தான். தப்பு இருந்தால் பெரியவங்க திருத்துங்க. ஆனால் கடைசி வரைக்கும் படிங்க, ஏன்னா ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நம்ம அரச மரத்தைப் பற்றித்தான் பேசப் போறோம்.

விஷயம் எல்லாருக்கும் தெரியும். போன மாதப் புயல் மழையில் அரச மரத்துக் கிளை ஒன்று முறிந்து ஒரு பக்தருடைய காடி மேலே விழுந்தது. வேர் போய் கால்வாய்ச் சுவரையும் பிளந்திருக்கு. மரத்தையே எடுத்துடலாம்னு நிர்வாகத்தில் சிலர் சொல்றாங்க. சாமி மரத்தில் கை வைக்கவே கூடாதுன்னு சிலர். இந்தச் சண்டை நடுவில் ஒரு தம்பி நம்ம வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். ஒரு வெள்ளைக்கார பாதிரியார், கையில் கோடாலி, காலடியில் விழுந்து கிடக்கும் பெரிய மரம். கீழே, "அவர்கள் வெட்டினார்கள், நாம் வணங்கினோம், உலகம் கெட்டது யாரால்?" என்று எழுதியிருந்தது. நூறு பேருக்கு மேல் கைகூப்பி அனுப்பினீங்க. நானும்தான் அனுப்பினேன்.

அப்புறம் மனசு கேட்கவில்லை. அந்தப் படத்தில் இருப்பவர் யார், எதற்காக வெட்டினார் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட நான் நினைத்தது ஒன்று, கிடைத்தது வேறு.

அந்தப் பாதிரியார் பெயர் போனிபாஸ். இங்கிலாந்தில் பிறந்தவர், சொந்தப் பெயர் வின்ஃப்ரிட். இன்றைய ஜெர்மனியில் கிறிஸ்தவ மதத்தைப் பரப்பப் போனார். கி.பி. 723 வாக்கில், ஹெஸ்ஸ பகுதியில் கைஸ்மார் என்ற இடத்தில் ஒரு மாபெரும் ஓக் மரம் இருந்தது. அது தோனார் என்ற இடி தேவனுடைய மரம். நம்ம இந்திரனுக்கு வஜ்ராயுதம் மாதிரி இவருக்கு ஒரு சுத்தியல். வடநாட்டுக்காரர்கள் தோர் என்பார்கள். இப்போது சினிமாவில் வரும் அதே தோர்தான், பிள்ளைகளுக்கு நல்லாத் தெரியும். ரோமானியர்கள் இவரைத் தங்கள் ஜூப்பிடரோடு சேர்த்துப் பார்த்தார்கள். அவர்கள் மொழியில் வியாழக்கிழமை தோனாருடைய கிழமை. ஜூப்பிடர் நமக்கும் வியாழன் கிரகம்தான். எங்கேயோ ஒரு நூல் ஓடுது பாருங்க.

போனிபாஸ் எல்லார் முன்னாலேயும் கோடாலியை எடுத்து அந்த மரத்தை வெட்டினார். இடி விழுந்து இவர் சாவார் என்று ஊரே காத்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று காற்று அடித்து மரம் நான்காகப் பிளந்து விழுந்தது என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய வில்லிபால்ட் சொல்கிறார். அந்த மரத்துப் பலகையை வைத்தே புனித பேதுருவுக்கு ஒரு சின்ன ஜெப மண்டபம் கட்டினார்கள். சுமார் ஐம்பது வருடம் கழித்து, 772-ல், சார்லமேன் என்ற ராஜா சாக்சன் மக்கள் வணங்கிய இர்மின்சூல் என்ற தூணையும் இடித்துத் தள்ளினார். இதெல்லாம் உண்மை. மறைக்க வேண்டியதில்லை. படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. நம்ம கோயில் மரத்தை ஒருத்தன் வந்து அப்படி வெட்டினால் எப்படி இருக்கும்?

எங்க ஃபேக்டரியில் கியூசி பிரிவில் ஒரு கத்தோலிக்கத் தமிழ்த் தம்பி இருக்கிறார். பத்து வருஷப் பழக்கம். டீ டைம்ல அவரிடம் கேட்டே விட்டேன். அவர் மழுப்பவில்லை.

"உண்மைதான் அண்ணே. அவர் எங்களுக்குப் புனிதர். ஆனா அவருக்கு மரத்து மேல கோபம் இல்ல. மரத்துக்குள்ள இருக்கிறதா சொன்ன சாமி மேலதான்."

"தம்பி, அடி விழுந்தது மரத்துக்குத்தானே?" என்றேன்.

சிரித்துவிட்டார். மறுநாள் ஒரு தமிழ் பைபிள் கொண்டுவந்து கொடுத்தார். "முதல் ரெண்டு அதிகாரம் மட்டும் படிங்கண்ணே, அப்புறம் பேசுவோம்" என்றார். மதம் மாத்தப் பார்க்கிறானோ என்று வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு. அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பதற்கும் அங்கேயே குடி போவதற்கும் வித்தியாசம் இருக்குன்னு சொன்னேன்.

முதல் அதிகாரம் உலகம் உண்டான கதை. இதை எழுதிய யூதர்கள் எப்பேர்ப்பட்ட நிலையில் இருந்தார்கள் என்று தெரிந்தால்தான் விளங்கும். கி.மு. 586 வாக்கில் பாபிலோன் ராஜா எருசலேம் கோயிலை இடித்து ஜனங்களைச் சிறைபிடித்துப் போனார். அந்த அடிமை வாழ்க்கையின் காலத்தை ஒட்டித்தான் இந்த அதிகாரம் இன்றைய உருவத்துக்கு வந்தது என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். பாபிலோனில் சூரியன் ஒரு தெய்வம், ஷமாஷ். சந்திரன் ஒரு தெய்வம், சின். உலகம் எப்படி வந்தது? மர்தூக் என்ற தேவன், கடல் வடிவான தியாமத் என்ற தேவியைக் கொன்று, உடம்பை இரண்டாகப் பிளந்து வானமும் பூமியும் செய்தான் என்பது அவர்கள் புராணம்.

தோற்றுப்போன யூதர்கள் இதற்கு என்ன பதில் எழுதினார்கள் தெரியுமா? கடவுள் மூன்றாம் நாளே செடி கொடி மரங்களைப் படைத்துவிட்டார். சூரியன் வருவது நான்காம் நாள்! அதற்குப் பெயர்கூட கொடுக்கவில்லை, பெரிய விளக்கு, சின்ன விளக்கு, அவ்வளவுதான். எபிரேய மொழியில் சூரியனுக்கு ஷெமேஷ் என்று பெயர் இருந்தும், அது ஷமாஷ் தேவனை ஞாபகப்படுத்தும் என்று வேண்டுமென்றே தவிர்த்தார்கள் போலும். உங்கள் ராஜாவின் தெய்வம் எங்கள் கடவுள் மாட்டிவைத்த விளக்கு என்று, அடிமையாக இருந்துகொண்டே சொல்லியிருக்கிறார்கள். அந்தத் துணிச்சலை நான் ரசித்தேன். தினமும் சூரிய நமஸ்காரம் செய்கிறவன் நான், இருந்தாலும் ரசித்தேன்.

ஆக பைபிள் பார்வையில் இயற்கை தெய்வம் இல்லை. படைப்பு. அதே நேரத்தில் குப்பையும் இல்லை. மனிதன் வருவதற்கு முன்னாலேயே ஆறு தடவை, நல்லது என்று கடவுள் பார்த்ததாக அந்த அதிகாரம் சொல்கிறது. மனிதன் இல்லாமலேயே நல்லது. யோபு என்று இன்னொரு புத்தகத்தில், மனிதன் இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்விப்பது யார் என்று கடவுள் யோபுவைக் கேட்கிறார். எல்லாம் உனக்காகத்தான் நடக்குதுன்னு நினைக்காதே என்று அர்த்தம்.

பிரச்சினை வருவது முதல் அதிகாரம் 28-ம் வசனத்தில். பூமியை அடக்கி ஆளுங்கள் என்று மனிதனுக்கு உத்தரவு. எபிரேயத்தில் இந்த "அடக்கு" கடுமையான சொல், நாட்டைப் போரில் பிடிப்பதற்கும் அதைத்தான் சொல்வார்களாம். ஆனால் இரண்டாம் அதிகாரம் 15-ம் வசனத்தில் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று இருக்கு. அந்தப் "பண்படுத்த" என்ற எபிரேயச் சொல்லுக்கு ஊழியம் செய்வது என்றும் பொருள் உண்டாம். ஒரு பக்கத்தில் ராஜா, அடுத்த பக்கத்தில் தோட்டக்காரன். இன்னொரு இடத்தில், எதிரி ஊரை முற்றுகை போட்டாலும் அங்கே உள்ள பழ மரங்களை வெட்டாதே என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். மரத்துக்கும் உனக்கும் என்ன சண்டை என்கிற மாதிரி. போனிபாஸ் இதைப் படிக்காமலா இருந்திருப்பார்? படித்திருப்பார். ஆனால் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வழிபாட்டு மரம் நடாதே என்றும் அதே புத்தகம் சொல்லுது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

இப்போ நம்ம பக்கம் வருவோம் என்று அவசரப்படாதீங்க. பைபிள்காரர்கள் "புறஜாதியார்" என்று சொன்ன மக்கள், கிரேக்கர், ரோமானியர், ஜெர்மானியர், இவர்கள் மரத்தை எப்படிப் பார்த்தார்கள்? கிரீஸில் தொதோனா என்ற இடத்தில் ஓக் மரத்து இலை சலசலப்பைக் கேட்டு ஜீயஸ் என்ன சொல்கிறார் என்று குறி சொன்னார்கள். நம்ம தோட்டப்புறத்துப் பூசாரிகள் ஞாபகம் வரும். தோப்புகளை வேலி கட்டிக் காத்தார்கள். நல்லதுதான். ஆனால் ரோமில் காட்டோ என்ற பெரிய மனிதர், கி.மு. 149-ல் செத்தவர், விவசாயம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் சாமி தோப்பில் மரம் வெட்டணும்னா என்ன செய்யணும்னு முறை இருக்கு. ஒரு பன்றியைப் பலி கொடு, இங்கே இருப்பது தேவனோ தேவியோ யாராக இருந்தாலும் பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொள், பிறகு வெட்டு. பரிகாரம் செய்தால் கோடாலி எடுக்கலாம்! இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஏன்னா போன வாரம் நிர்வாகக் கூட்டத்தில், ஒரு பரிகார ஹோமம் பண்ணிட்டு மரத்தை எடுத்துடலாம் என்று சொன்னதே நம்ம ஆட்கள்தான்.

கிரீஸ் மலைகள் மொட்டையானதும் இந்தச் சாமிகள் இருந்த காலத்தில்தான். கி.மு. 4-ம் நூற்றாண்டிலேயே பிளேட்டோ, ஒரு காலத்தில் கூரை உத்தரத்துக்கு மரம் கொடுத்த மலைகளில் இப்போது தேனீக்கு மட்டும்தான் தீனி இருக்கு, மண்ணெல்லாம் கடலுக்குப் போய்விட்டது என்கிற பொருளில் எழுதி வருத்தப்பட்டிருக்கிறார். அப்போது இயேசு பிறக்கவே இல்லை. ஒரு மரம் சாமி மரம், ஊரே காக்கும். பக்கத்து மலை சாமி மலை இல்லையா, கப்பல் கட்ட வெட்டிக்கொள்.

மூன்றாவது பார்வை, கடவுளை ஒதுக்கி வைத்துவிட்டு இயற்கையைப் பார்ப்பது. இதுவும் பழசுதான். கி.மு. 5-ம் நூற்றாண்டில் ஏதென்ஸில் அனக்சகோரஸ் என்பவர், சூரியன் தேவன் இல்லை, எரிகிற கல் என்றார். தெய்வ நிந்தனை என்று வழக்குப் போட்டார்கள், ஊரை விட்டே போனார். யூதர் விளக்கு என்றார்கள், இவர் கல் என்றார். கேட்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் விளக்கு என்றால் ஏற்றியவன் ஒருவன் இருக்கணும். கல்லுக்கு யாரும் வேண்டாம்.

ஐரோப்பாவில் இந்த இரண்டும் 17-ம் நூற்றாண்டில் ஒன்று சேர்ந்த மாதிரி எனக்குத் தோணுது. 1637-ல் தெகார்த் என்ற பிரெஞ்சு அறிஞர், அறிவியலால் நாம் இயற்கைக்கு எஜமானர் போல ஆகலாம் என்று எழுதினார். மிருகங்கள் எல்லாம் மெஷின் மாதிரி என்றும் சொன்னார். இன்னொருவர் ராபர்ட் பாயில். பள்ளிக்கூட இயற்பியலில் "ஹுக்கும் பாயில்" படித்தோமே, அவரேதான். நல்ல பக்தியான கிறிஸ்தவர். 1686-ல் ஒரு புத்தகம் போட்டார். அதில், ஜனங்கள் இயற்கை மேல் வைத்திருக்கிற பயபக்திதான் மனிதன் மற்ற உயிர்களை ஆளுவதற்குத் தடையாக இருக்கு என்ற கருத்தைச் சொல்கிறார். ஓர் அறிவாளியே, இந்தப் பயபக்தி போகணும் என்கிறார். போயும் போச்சு. அப்புறம் நீராவி, நிலக்கரி, தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையில்தான் நான் முப்பது வருஷமாகச் சோறு சாப்பிடுறேன், அதனால் ரொம்பவும் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

1967-ல் லின் வைட் என்ற அமெரிக்கச் சரித்திரப் பேராசிரியர் "சயன்ஸ்" பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். சுற்றுச்சூழல் கெட்டதற்கு வேர் மேற்கத்திய கிறிஸ்தவத்தில்தான் இருக்கு, மரத்திலும் ஓடையிலும் இருந்த தெய்வங்களை விரட்டியதால்தான் மனிதனுக்குக் கூச்சம் விட்டுப்போனது என்றார். நம்ம தம்பி போட்ட வாட்ஸ்அப் படத்துக்கு அப்பா இந்தக் கட்டுரைதான். ஆனால் படத்தைச் சுற்றிவிட்டவர்கள் மீதியைச் சொல்லவில்லை. லின் வைட் தானே ஒரு கிறிஸ்தவர். கட்டுரையின் முடிவில், பறவைகளோடும் ஓநாயோடும் பேசிய அசிசி நகர் பிரான்சிஸ் என்ற புனிதரைச் சுற்றுச்சூழல்காரர்களுக்குப் பாதுகாவலராக வைக்கச் சொன்னார். 1979-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அப்படியே அறிவித்தார்.

என் மனசை ரொம்பவும் மாற்றியது எத்தியோப்பியா. அந்த நாட்டின் வடக்கில் காடு பெரும்பாலும் அழிந்து போச்சு, வயலும் மேய்ச்சல் நிலமும்தான். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைப் பாருங்க. பழுப்பு நிலத்தின் நடுவில் பச்சைப் பச்சையாக வட்டம் வட்டமாகத் தெரியும். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஒரு கிறிஸ்தவ தேவாலயம். ஆயிரக்கணக்கில் இருக்கு. கோயிலைச் சுற்றி உள்ள காடு ஏதேன் தோட்டம் மாதிரி என்று பாதிரியார்கள் நூற்றாண்டுக்கணக்கில் காத்து வந்திருக்கிறார்கள். சமீப வருஷங்களில் அறிவியல்காரர்களும் கூடச் சேர்ந்து, மாடு உள்ளே புகாமல் பல இடங்களில் கல்சுவர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். போனிபாஸ் கையில் இருந்த அதே பைபிள்தான்.

கடவுளே இல்லை என்ற சோவியத் நாட்டில் 1960-களில் பருத்திக்காக இரண்டு பெரிய ஆறுகளைத் திருப்பிவிட்டு, உலகத்தில் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஏரல் கடலையே வற்ற வைத்தார்கள். அதே கடவுள் பேச்சில்லாத அறிவியல்தான் ஓசோனில் ஓட்டை விழுவதைக் கண்டுபிடித்து, 1987-ல் மாண்ட்ரியால் ஒப்பந்தம் வரவும் காரணமாக இருந்தது.

சரி, நாம்?

என் தாத்தா தோட்டத்துக்கு வந்த ஆள். 1877-ல் சிங்கப்பூருக்கு வெறும் 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அதிலிருந்து பெருகி இந்த நாடு முழுக்க பால்மரக் காடாச்சு. அதுக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? பெருங்காடு. துரை உத்தரவு போட்டான், பணம் லண்டனுக்குப் போச்சு. ஆனால் காட்டை வெட்டி, எரித்து, சுத்தம் செய்தவர்களில் நம்மவர்களும் உண்டு. தாத்தா சொல்வார், ஒரு மரத்தை மட்டும் விட்டுட்டு, அடியில ஒரு கல்லும் சூலமும் வச்சு, முனியாண்டியைக் கும்பிட்டுட்டு, மத்ததை எல்லாம் வெட்டினோம் என்று. கூலிக்கு வந்தவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு வேற வழி ஏது? ஆனால் "நாம் வணங்கினோம்" என்று படம் போடும்போது இதையும் ஞாபகம் வச்சுக்கணும். காட்டோவின் பன்றி மாதிரிதான் அந்த ஒரு மரமும்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே தில்லை மரத்தால். அது அங்கே தல விருட்சம். இன்றைக்குக் கோயிலைச் சுற்றித் தில்லை வனம் இல்லை. அந்த மரத்தைப் பார்க்கணும்னா பிச்சாவரம் சதுப்பு நிலத்துக்குப் போகணும். நம்ம நாட்டுக் கடலோரச் சதுப்புக் காட்டிலும் இதே மரம் வளருது, மலாய்க்காரர்கள் "பூத்தா பூத்தா" என்பார்கள், பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று. எத்தனை சிவபக்தர்களுக்கு இது தெரியும்?

பைபிள் சொல்லும் முறையில் எனக்குப் புரிந்தது என் வேலையைப் போல ஒன்று. மெஷின் முதலாளியுடையது, சாவி சூப்பர்வைசர் கையில். கணக்குக் கேட்கிற முதலாளி இருக்கிறவரைக்கும் ஒழுங்காக ஓட்டுவான். முதலாளி வரவே மாட்டார் என்று நினைத்துவிட்டால் என்ன ஆகும்னு முப்பது வருஷத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் இது எனக்கு முழுசாக ஒத்துப் போகவில்லை. நம்ம சைவத்தில் இறைவன் வெளியே நிற்கும் முதலாளி மட்டும் இல்லை, உள்ளேயும் கலந்து நிற்கிறான். மரம் கடவுளா என்றால் இல்லை, மரத்தில் கடவுள் இல்லையா என்றால் அதுவும் இல்லை. இதை அந்தத் தம்பியிடம் சொன்னேன். "இது கொஞ்சம் கஷ்டமா இருக்கே அண்ணே" என்றார். கஷ்டம்தான். அதனால்தான் சுலபமாக மஞ்சள் குங்குமம் தடவி, சிவப்புக் கயிறு கட்டிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

இப்போ நான் ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. போன திருப்பணியில் அரச மரத்தைச் சுற்றி மேடை கட்டினோமே, அந்த வேலையை முன்னால் நின்று பார்த்தவன் நான். அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டி, பார்க்க அழகா இருக்குன்னு படம்கூட எடுத்துப் போட்டேன். போன வாரம் மரம் பார்க்கும் நிபுணர் ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். அவர் சாமி கும்பிடுகிறவர் இல்லை, சீனர். மரத்தைச் சுற்றி ரெண்டு தடவை நடந்தார், டைல்ஸை ஒரு தட்டுத் தட்டினார். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போக வழியே இல்லை, அதுதான் ஈரம் தேடி கால்வாய்க்குப் போயிருக்கு என்றார். முறிந்த கிளையும் நாம் சீரியல் விளக்குக் கம்பியை இறுக்கிக் கட்டி, கழற்றாமல் விட்ட இடத்தில்தான் பட்டுப்போயிருந்ததாம். மரம் இன்னும் உயிரோட பலமாத்தான் இருக்கு, மேடையை உடைத்து, பட்டுப்போன கிளைகளை மட்டும் முறையாக எடுத்தால் போதும் என்றார்.

போனிபாஸ் ஒரே நாளில் வெட்டினார். நான் பூஜை போட்டுக்கொண்டே வருஷக்கணக்காக மூச்சு முட்ட வைத்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மேடை உடைக்கும் செலவில் என் பங்கை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டேன். டைல்ஸ் உபயம் செய்த குடும்பத்தாரிடமும் நேரில் போய்ச் சொல்லிட்டேன். வருத்தம்தான், ஆனால் சரி என்றார்கள். படம் போட்ட தம்பி, உங்க மேல எனக்குக் கோபம் இல்லை, நீங்கதான் என்னைத் தேட வச்சீங்க. ஞாயிறு அவசியம் வாங்க, கடப்பாரை பிடிக்க இளம் கை வேணும்.

கூட்டம் காலை 10 மணிக்கு. அதுக்கு முன்னால 8 மணிக்கு மரத்தில் இருக்கிற விளக்குக் கம்பி, பழைய கயிறு, ஆணி எல்லாம் கழற்றுகிறோம். வரும்போது கையுறை, கட்டிங் பிளையர் இருந்தால் எடுத்துட்டு வாங்க. காடியை மரத்தடியில் நிறுத்தாதீங்க, பள்ளிக்கூடத்துப் பக்கம் இடம் இருக்கு. பசியாறல் ஆலயத்தில் உண்டு.

சிவாய நம.